மண் நம்முடையது, மதிப்பும் நமக்கு வரட்டும்!

“ஏனுங்க தோழரே, நெலாவுல வீடு கட்டப் போறாங்களாமா?”

சேந்தமங்கலம் கடைவீதியிலே, தேநீர்க் கடைப் பலகையிலே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டார். செங்கல் அறுத்தே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர். சூளை மண்ணின் நிறம் கையிலே ஏறிப் போயிருக்கிறது. பக்கத்திலே ஓர் இளைஞர் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுத்தான் பெரியவருக்கு இந்த ஐயம்.

“ஆமாம், அதற்கான ஆராய்ச்சி நடக்கிறது” என்றேன்.

“அப்படீங்களா! எம் ஊட்டு ஓடு மாத்தறதுக்கு ரெண்டு வருசமா வழியக் காணோம். நெலாவுல வீடாமா!” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலே கேலி மட்டும் இல்லை, தோழர்களே! ஒரு கேள்வியும் இருந்தது. அதற்கு இருவகையான பதில் சொல்வார் உண்டு. “இதெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம், உனக்கென்ன தெரியும், பேசாமல் இரு” என்பார் ஒரு சாரார். “ஏழைக்குக் கூரை இல்லாத நாட்டிலே ராக்கெட் எதற்கு? தூக்கி எறி!” என்பார் மற்றொரு சாரார். முதல் பதில் ஆணவம். இரண்டாவது பதில் ஆத்திரம். இரண்டுமே உழைப்பாளிக்கு உதவாது.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. நிலவிலே வீடு கட்டும் வித்தைக்கு மண் கொடுத்தது யார்? அந்த வித்தையால் வரும் மதிப்பு யாருக்குப் போகப் போகிறது?

மண் கொடுத்தது நாம்! நாமக்கல் மாவட்டம்! இது மேடைக்காகச் சொல்லும் பேச்சு அல்ல; காப்புரிமைப் பதிவேட்டிலே ஏறியிருக்கிற செய்தி.

நிலவைப் பார்த்தால் வெண்மையான இடமும் கருமையான திட்டும் தெரியும். அந்தத் திட்டைத்தான் வடை சுடும் பாட்டி என்று குழந்தைக்குக் காட்டிச் சோறு ஊட்டினோம். கருமைத் திட்டுகள் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள். வெண்மையான மேட்டு நிலமோ அனார்த்தோசைட் என்ற வெளிறிய பாறையால் ஆனது. நிலவு உருவான காலத்திலே அதன் மேற்பரப்பு முழுதும் உருகிய கற்குழம்பாக இருந்தது என்றும், எடை குறைந்த கனிமங்கள் பாலாடைபோல் மேலே மிதந்து உறைந்து இந்தப் பாறையாயின என்றும் விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்.

அதே இனப் பாறை, பரமத்தி வேலூர் வட்டத்திலே, சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடக்கிறது! ஆடு மேய்த்தவர்களும் வரப்புக்குக் கல் பொறுக்கியவர்களும் மிதித்து நடந்த பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியைப் பற்றி ஏ.பி. சுப்பிரமணியம் என்ற நிலவியல் அறிஞர் 1956ஆம் ஆண்டிலேயே விரிவான ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். முதல் ஸ்புட்னிக் வானத்தில் ஏறியது அதற்கு மறு ஆண்டு, 1957இல்! அதாவது, மனிதன் பூமியை விட்டுக் கருவியை அனுப்புவதற்கு முன்பே, இந்தப் பாறை ஏட்டிலே ஏறிவிட்டது.

இதன் அருமை நமக்குத் தெரியவந்தது சந்திரயான்-2 திட்டத்தின்போதுதான். நிலவிலே இறங்கும் கலத்தின் கால் எவ்வளவு புதையும், ஊர்தியின் சக்கரம் எப்படி உருளும் என்று பூமியிலேயே சோதித்துப் பார்க்கவேண்டும். அதற்கு நிலவின் மண் வேண்டும். 1969 முதல் 1972 வரை அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த கல்லும் மண்ணும் மொத்தம் 382 கிலோதான். அதைக் கொட்டிச் சக்கரம் ஓட்ட முடியுமா? ஆகவே போலி மண் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கிலோ ஒன்றுக்கு 150 டாலர் என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. தேவைப்பட்டதோ டன் கணக்கில்!

அப்போதுதான் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையினரும், திருச்சி என்.ஐ.டி.யின் பேராசிரியரும், இஸ்ரோ விஞ்ஞானிகளும் சேர்ந்து நம் பாறையைக் கையிலெடுத்தார்கள். பாறை உடைக்கப்பட்டது, வேண்டிய அளவுக்குப் பொடியாக்கப்பட்டது, 50 டன் அளவிலே பெங்களூரின் சோதனைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மண்ணிலேதான் நிலவு ஊர்தி நடை பழகிற்று. 2014இல் கேட்ட காப்புரிமை 2020 மே மாதத்தில் கிடைத்தது. அதிலே பெரியார் பல்கலைக்கழகத்தின் அன்பழகன் போன்றோரின் பெயர்களும், திருச்சியின் முத்துக்குமரன் பெயரும் இடம்பெற்றிருக்கின்றன.

2019 செப்டம்பரில் முதல் முயற்சி தவறிற்று. துவண்டு போனார்களா? இல்லை. விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் நிலவின் தென் பகுதியிலே இறங்கிற்று. ஊர்தி சுமார் 100 மீட்டர் ஊர்ந்து மண்ணைச் சோதித்தது. என்ன கண்டது? அந்த இடத்து மண் அனார்த்தோசைட் இனத்தது என்று! 2024 ஆகஸ்டில் ‘நேச்சர்’ ஏட்டிலே முடிவு வெளியாயிற்று. சித்தம்பூண்டியும் நிலவும் இரட்டைப் பிள்ளைகள் அல்ல, ஆனால் பங்காளிகள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நடை பழகியது முதல் கட்டம். அடுத்தது குடியிருப்பு. 2040க்குள் இந்தியர் ஒருவர் நிலவிலே கால் வைக்கவேண்டும் என்று மத்திய அரசு 2023இல் இலக்கு அறிவித்தது. போகிறவன் தங்கவேண்டாமா? தங்குவதற்கு வீடு வேண்டும். அந்த வீட்டை எதனால் கட்டுவது?

இங்கேயிருந்து செங்கல் கொண்டுபோகலாமா? பூமியிலிருந்து ஒரு ராத்தல் எடையை வெளியே அனுப்ப ஏறத்தாழ ஏழரை லட்ச ரூபாய் ஆகும் என்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 2020இல் கூறினார்கள். செங்கல் ஒன்று மூன்று கிலோ என்று வையுங்கள். ஒரே ஒரு கல்லுக்கு அரைக்கோடி ரூபாய்! ஆகவே அங்கே இருக்கிற மண்ணைக்கொண்டே அங்கே கட்டவேண்டும். வேறு வழியில்லை.

கொத்தனார் தோழர்களுக்கு இதன் சிக்கல் எளிதில் விளங்கும். பூமியிலே வீட்டின் பகை எது? எடை. கூரை கீழே இறங்கப் பார்க்கிறது. சுவர் தாங்கி நிற்கிறது. நிலவிலே நிலைமை தலைகீழ். அங்கே பொருளின் எடை ஆறிலொரு பங்குதான். ஆனால் வெளியிலே காற்றில்லை. உள்ளே மனிதன் மூச்சுவிடக் காற்றை அடைத்தாக வேண்டும். பூமியில் இருக்கும் அழுத்தத்திலே அடைத்தால், அந்தக் காற்று ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் 10 டன் விசையோடு வெளியே தள்ளும். பத்தடிக்குப் பத்தடி கூரை என்றால் 90 டன்னுக்கும் மேல்! விழுந்து நொறுங்கும் வீடல்ல அது. விட்டுவிட்டால் வெடித்துப் பிரியும் வீடு.

செங்கல் அமுக்குவதைத் தாங்கும்; இழுப்பதைத் தாங்காது. அதனால்தான் கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டுகிறோம். நிலவிலும் அப்படித்தான். காற்றை அடைக்க உள்ளே உலோகக் கூடோ உறுதியான துணிக் கூடோ வேண்டும். அதற்கு மேல் கல்லும் மண்ணும் கனமாகப் போர்த்தவேண்டும். ஏன்? விண்ணிலிருந்து சிறு கற்கள் தோட்டாவை விட வேகமாக வந்து தாக்கும். கதிர்வீச்சு உடலைக் கெடுக்கும். பகலிலே வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டும்; இரவிலே குளிர் சுழியத்துக்குக் கீழே நூறையும் தாண்டும். பகல் இரண்டு வாரம், இரவு இரண்டு வாரம்! இத்தனைக்கும் விரிசல் காணாத கல் வேண்டும்.

சிமெண்டு உதவுமா? காற்றில்லாத வெளியிலே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். சிமெண்டு இறுகுவது எப்படி? அதோடு, குடிக்கவே நீர் தேடவேண்டிய இடத்திலே கலவைக்கு ஏது நீர்? எனவே வேறு வழிகளைத் தேடுகிறார்கள். மண்ணை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு, துகளோடு துகளை ஒட்டச்செய்வது ஒரு வழி. நம் சூளைப் பெரியவரின் வித்தையே இது, விறகுக்குப் பதில் சூரிய ஒளியோ மின்சாரமோ! கந்தகத்தை உருக்கிக் கலவையாக்குவது இன்னொரு வழி. சென்னை ஐ.ஐ.டி.யிலே தண்ணீரில்லாக் கான்கிரீட் என்று இதை ஆராய்கிறார்கள். செவ்வாய்க்கு இது பொருந்தும். நிலவின் வெற்றிடத்திலே கந்தகம் மெல்ல மெல்ல ஆவியாகிப் போகும் என்ற குறை இருக்கிறது.

மூன்றாவது வழிதான் வியப்பானது. பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தார், நிலவு மண்ணைப் போன்ற போலி மண்ணிலே ஒருவகை நுண்ணுயிரையும் யூரியாவையும் கொத்தவரை விதைப் பசையையும் சேர்த்தார்கள். அந்த உயிர் யூரியாவைச் சிதைத்து, சுண்ணாம்புக் கல்லின் இனப் பொருளை உண்டாக்குகிறது. அது துகள்களுக்கிடையே புகுந்து சிமெண்டைப்போல் பிணைக்கிறது. சூளை இல்லை, தீ இல்லை, கல் உருவாகிறது! யூரியா மனிதனின் சிறுநீரிலேயே இருக்கிறது. கொத்தவரையோ நம் வீட்டு அடுப்படிப் பொருள். நிலவின் திறந்த வெளியிலே அந்த நுண்ணுயிர் வாழாது. காற்றும் நீரும் உள்ள கூடத்துக்குள்தான் வேலை செய்யும். பிறகு 2025இல், சுட்ட கல்லிலே விழும் விரிசலை அதே நுண்ணுயிர்க் குழம்பால் அடைக்கலாம் என்றும் காட்டினார்கள். வேலை முடியவில்லை, வழி திறந்திருக்கிறது. உலகமும் சும்மா இல்லை. அமெரிக்கா 2022இல் நிலவுக் கட்டடத் தொழிலுக்கென 5 கோடியே 72 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. சீனா 2024 நவம்பரில் போலி நிலவு மண்ணாலான செங்கற்களைத் தன் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி, வெட்டவெளியிலே வைத்துச் சோதிக்க ஏற்பாடு செய்தது.

இத்தனை ஆராய்ச்சிக்கும் அடிப்படையாக எது வேண்டும்? நிலவு மண்ணைப் போன்ற மண்! அது எங்கே இருக்கிறது? நம் காலடியிலே!

இங்கேதான், தோழர்களே, பழைய கதை ஒன்றை நினைவூட்ட வேண்டும்.

கஞ்சமலையிலே இரும்பு இருந்தது. சேலத்திலே உருக்காலை வேண்டும் என்று தமிழகம் குரல் கொடுத்தது. 1967 ஜூலையில், முதலமைச்சர் அண்ணா எழுச்சி நாள் நடத்தினார். 1970இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆலை ஓடத் தொடங்கியது 1981இல். சரி, ஆலை வந்ததல்லவா? வந்தது. ஆனால் கஞ்சமலை இரும்பு அங்கே உருகவில்லை. வெளியூரிலிருந்து வந்த துருப்பிடிக்கா உருக்குச் சுருளைத் தகடாக உருட்டுகிற ஆலையாக அது தொடங்கிற்று. உருக்கும் கூடம் சேர்ந்தது 2010இல்! அப்படியும் நம் தொழிலாளி சோடை போகவில்லை. ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு வேண்டிய அரிய வகை உருக்குத் தகட்டை இஸ்ரோவுக்கு உருட்டிக் கொடுத்தது அதே சேலம் ஆலைதான். கொடுத்தால் செய்வான், கொடுக்கத்தான் நாளாகிறது.

நம் சேந்தமங்கலத்துக்கு மேலே நிற்கிற கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாக்சைட் ஒரு காலத்திலே மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போயிற்று. மலையிலே இருந்தவனுக்கு மிஞ்சியது பள்ளம். இன்று ஆலையும் உருக்குவதில்லை. கல் போகும், கூலி அன்றோடு தீரும், கற்ற வித்தை இங்கே தங்காது. இதுவே இந்த வட்டாரத்தின் வழக்கமாகிவிட்டது. நிலவு மண்ணுக்கும் இதே கதி வரவேண்டுமா?

பெங்களூரின்மீது நமக்குப் பொறாமை இல்லை. ஆராய்ந்தவர்கள் நன்றாக ஆராய்ந்தார்கள். இங்கிருந்து உதவியவர்கள் காசை எண்ணாமல் உதவினார்கள். அது பெருமைதான். ஆனால் பெருமை உலையில் கொதிக்காது. ஆகவே நாம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: சேலம், நாமக்கல் பகுதியிலே நிலவுக் கட்டடப் பொருள் சோதனைக் கூடம் ஒன்று வேண்டும். காற்றை இறைத்து வெற்றிடமாக்கும் அறை, சுடும் உலை, உறையச் செய்யும் குளிர் அறை, கல்லை அமுக்கியும் இழுத்தும் உடைத்துப் பார்க்கும் இயந்திரம் எல்லாம் அங்கே இருக்கவேண்டும். பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. மண்ணை அறிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழிற்கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. ஐந்தாண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு ஈர்ப்பது அதன் நோக்கம். அந்தக் கொள்கையின் பார்வை கடற்கரை ஏவுதளத்தின் பக்கம் மட்டும் நில்லாமல், பரமத்திப் பாறையின் பக்கமும் திரும்பட்டும்.

இரண்டு: வேலை நம் பிள்ளைகளுக்கு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுதும் போய்த் துளைபோடுகிறது; நாமக்கல் பட்டறையிலே கட்டிய லாரி நாடெங்கும் ஓடுகிறது. துளையிடும் கை, பற்றவைக்கும் கை, கல் அறுக்கும் கை, இத்தனையும் இங்கே இருக்க, நிலவுக் கட்டடத் தொழிலுக்கு ஆளைத் தேடி வேறெங்கே போகவேண்டும்? இந்த வட்டாரத்து ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் இதற்கென ஒரு பாடப் பிரிவைத் தொடங்கட்டும்.

மூன்று: பாறை பொதுச் சொத்து. சித்தம்பூண்டிப் பகுதியிலே குரோமைட்டும் பிளாட்டின இன உலோகங்களும் இருப்பதை நிலவியல் துறை ஆராய்ந்திருக்கிறது. நாளை ஏலம், குத்தகை என்று எவராவது வந்தால், ஊராரைக் கேட்காமல் ஒரு கல்லும் போகக்கூடாது. ஆராய்ச்சிக்குப் போகும் மண்ணுக்குக் கணக்கு இருக்கட்டும். தொழிலாக வளர்ந்தால் வருமானத்திலே ஊருக்குப் பங்கு இருக்கட்டும்.

நான்கு: இதுதான் தலையாயது. கல்லுடைக்கும் தோழனின் நெஞ்சு காக்கப்படவேண்டும். நிலவிலே காற்றும் மழையும் இல்லாததால் தூசியின் முனை மழுங்குவதில்லை. கண்ணாடித் தூள்போல் கூராக இருக்கும். 1972இல் அப்பல்லோ 17இல் போன ஷ்மிட் என்ற விஞ்ஞானிக்கு, உடையில் ஒட்டி வந்த அந்தத் தூசியால் மூக்கடைத்தது. ஒரு மனிதனின் மூக்கடைப்பு உலக ஆராய்ச்சியாயிற்று! அன்று முதல் நிலவுத் தூசி மனிதன் நுரையீரலுக்குள் போகாமலிருக்க என்ன வழி என்று ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள். நல்லது. ஆனால் இங்கே ஜல்லி ஆலையிலே, எம்-சாண்ட் ஆலையிலே, முகத்துக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுதும் கல்தூசி குடிக்கிறானே, அவன் நுரையீரலைச் சோதித்தது யார்? சிலிக்கா தூசியால் வரும் நோயைத் தொழில் நோய் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. தண்ணீர் தெளித்து உடைப்பது, தூசியை உறிஞ்சும் கருவி வைப்பது, நல்ல முகக்கவசம் தருவது, ஆண்டுதோறும் நெஞ்சுப் படம் எடுப்பது, இ.எஸ்.ஐ. அட்டை கொடுப்பது, இவையெல்லாம் விண்வெளி விஞ்ஞானமா? மனமிருந்தால் நாளைக் காலையே செய்யலாம்!

“வீட்டு ஓடு மாற்ற இந்த ஆராய்ச்சி உதவுமா?” என்று பெரியவர் கேட்கலாம். நாளைக்கே உதவும் என்று சொன்னால் அது பொய். ஆனால் தீயில்லாமல் கல் இறுகும் வித்தையும், விரிசல் அடைக்கும் வித்தையும், குறைந்த நீரிலே கட்டும் வித்தையும் நிலவுக்கு மட்டும் வேண்டியவை அல்ல. நீரில்லாத நம் மேட்டு நிலத்துக்கும் வேண்டியவைதான். ஆராய்ச்சி இங்கே நடந்தால், அதைக் கேட்டு வாங்கவும் பயன்படுத்திப் பார்க்கவும் நம் கைக்கு எட்டும். வெளியூரிலே நடந்தால் செய்தித்தாளில் படிப்பதோடு சரி. பெரியவரின் ஓட்டை மாற்றுவது அரசின் வீட்டுத் திட்டம் செய்யவேண்டிய வேலை. அதையும் விடாமல் கேட்போம். நிலவைக் காட்டி அதை மறைக்க விடமாட்டோம். அதைக் காட்டி நிலவை மறுக்கவும் மாட்டோம். இரண்டும் நமக்கு வேண்டும்.

கிளைக் கூட்டங்களிலே இதைப் பேசுங்கள், தோழர்களே. தீர்மானம் போடுங்கள். கல்லுடைக்கும் தோழர்களையும் சூளைத் தோழர்களையும் முன்வரிசையிலே உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். உருக்காலைக்குக் குரல் கொடுத்து ஆலை வரப் பதினான்கு ஆண்டு ஆயிற்று. அதுவும் அரைகுறையாக வந்தது. இந்தமுறை இப்போதே கேட்போம், முழுதாகக் கேட்போம்.

அன்று மாலை பெரியவர் எழுந்து போகும்போது மறுபடி கேட்டார்: “அந்த மண்ணு, நம்ம பரமத்திப் பக்கத்து மண்ணுங்களா?” ஆமாம் என்றேன். சற்று நின்றார். “அப்போ அந்தக் கல்லு சுடற எடத்துல எம் பேரனுக்கு ஒரு வேலை கேளுங்க” என்றார்.

அதைத்தான் கேட்கிறோம்.